மெயில் பாஸ்வேர்டு மட்டுமாவது தனியாக இருக்கட்டும்

தென்காசியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். மீதிப் பேர் பின்னால் நாலு பேர் நிற்கும்போதே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் பிள்ளையின் பெயரும் அதற்குப் பின்னால் @123-உம்தான்.

இன்னொரு வகையும் நிறையப் பார்க்கிறேன். இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கப் பெயரின் முதல் நாலு எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த வருடத்தைச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு கோப்பைத் திறப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் பலருக்கும் வாழ்க்கையில் மனப்பாடமான முதல் பாஸ்வேர்டு அதுதான் என்பதால், மெயிலுக்கும் அதையே வைத்துவிடுகிறார்கள். நாலு ஆங்கில எழுத்துக்கு 4,56,976 விதம், நூறு வருடத்தால் பெருக்கினால் நாலரைக் கோடிக்குக் கொஞ்சம் மேல். ஏதோ ஒரு தளத்திலிருந்து திருடிய பாஸ்வேர்டு பட்டியலை வைத்துக்கொண்டு உட்காரும் கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை. தெரிந்தவர் என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம், பெயரும் வயதும் போதும்.

இந்த இழையில் பலரும் மெயில், இன்ஸ்டா கணக்கு திருட்டுப் போன கதையை எழுதியிருக்கிறீர்கள். நான் கூட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆரி வேலை செய்யும் ஒரு அக்கா, பிளவுஸ் ஆர்டரெல்லாம் இன்ஸ்டாகிராம் பக்கம் வழியாகத்தான் எடுப்பார். ஒருநாள் காலையில் பக்கம் அவர் கையில் இல்லை. கல்யாண பிளவுஸ் படங்களுக்கு நடுவே, பணம் போட்டால் இரட்டிப்பாகும் என்று யாரோ பதிவு போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாவம், அழுதுகொண்டேதான் கடைக்குள் வந்தார்.

எப்படிப் போயிருக்கும் என்று தேடியதில், எப்போதோ துணி வாங்கப் பதிவு செய்த ஒரு சிறிய தளத்தில் இருந்த அதே பாஸ்வேர்டுதான் மெயிலுக்கும் இன்ஸ்டாவுக்கும் என்று தெரிந்தது. நம் மெயில் முகவரி எந்தத் தளத்திலிருந்து கசிந்தது என்று காட்டும் ஹேவ் ஐ பீன் பவுன்ட் தளத்தில் அவருடைய மெயில் முகவரியைப் போட்டதும் அந்தத் தளத்தின் பெயர் வந்து நின்றது. போன் நம்பர் மாறாமல் இருந்ததால் மெயில் முதலில் திரும்பி வந்தது. அத்தோடு எழுந்து போயிருந்தால் மறுபடியும் போயிருக்கும். ஜிமெயில் செட்டிங்ஸுக்குள் போய் ஃபில்டர் பகுதியைத் திறந்தோம். இன்ஸ்டாவிலிருந்து வரும் எல்லா மெயிலையும் நேரே குப்பைக்கு அனுப்பும்படி ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். எச்சரிக்கை மெயில் ஏன் கண்ணில் படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கணக்கை மீட்டவர்கள் தயவுசெய்து ஃபில்டர், ஃபார்வர்டிங் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது), லாகின் ஆகியிருக்கும் சாதனங்கள், இந்த மூன்றையும் பாருங்கள்.

நம் கணக்கை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. எங்கோ ஒரு தளத்திலிருந்து மொத்தமாக அள்ளியதை ஆயிரம் தளங்களில் போட்டுப் பார்ப்பது மென்பொருள். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுத்து எழுத்தாக வெளியே போயின. அவற்றில் முதலிடம் 123456. அந்தப் பட்டியல் இன்றைக்கும் பாஸ்வேர்டு உடைக்கிறவர்கள் கையில் இருக்கிறது. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனத்திலேயே 2012-இல் ஒரு ஊழியர் வேறு இடத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டை அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்ததால்தான் உள்ளே புகுந்தார்கள்.

அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று. எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், மெயில் பாஸ்வேர்டு வேறு எங்கேயும் இல்லாததாக, நீளமாக இருக்க வேண்டும். மற்ற எல்லாக் கணக்குக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் கடிதம் வந்து சேரும் இடம் அதுதானே.

நீளமாக என்றால் எப்படி? ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். பென்ஷன் விவரமெல்லாம் மெயிலில் இருக்கிறது என்று பயம். சொற்கள் அடங்கிய ஆங்கிலப் பட்டியலையும் பகடையையும் வைத்துப் பாஸ்வேர்டு உண்டாக்கும் டைஸ்வேர் முறையைச் சொன்னேன். 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் வகுத்தது. "ஆங்கிலப் பட்டியல் எதுக்கும்மா, வீட்டில அகராதி இருக்கே" என்றார். பேரனின் லூடோ பகடையை மூன்று முறை உருட்டினால் பக்க எண், இன்னும் இரண்டு உருட்டலில் அந்தப் பக்கத்தில் எந்தச் சொல் என்று முடிவாகும். ஐந்து உருட்டலுக்கு 7,776 வாய்ப்பு, சரியாக டைஸ்வேர் கணக்கேதான்! உமி, கடையாணி, தோணி, வரகு என்கிற மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத நாலு சொல் வந்தாலே 3,656 லட்சம் கோடி விதம் ஆகிறது. அவர் ஐந்து சொல் எடுத்தார். (நான் இங்கே எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.) குறளோ பாட்டு வரியோ வேண்டாம் என்றும் சொன்னேன். நீளம் இருந்தாலும் ஊருக்கே தெரிந்த வரி அது.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. ழகரத்துக்கு ஒருநாள் இரண்டு எழுத்து போடுவோம், மறுநாள் ஒன்று. நெடிலும் அப்படித்தான். ஆசிரியர் ழகரம் வந்த சொல்லை விட்டுவிட்டு மறுபடி உருட்டினார். அடிக்கிற எழுத்துக்கூட்டல்படியே ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்துவிட்டார். பாஸ்வேர்டை எழுதியே வைக்கக் கூடாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கோ வெளிநாட்டில் இருந்து திருடுகிறவன் பீரோவுக்கு வரமாட்டான். போனிலேயே நோட்ஸில் எழுதி வைப்பதும், வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைப்பதும்தான் கூடாது. போன் பழகியவர்களுக்கு எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அலுவலகங்களில் இருந்து வருகிறவர்கள் கடைசியில் மாதத்தின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-இல் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம், வெளியே கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டது.

பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடும்போது, போன் கையில் இல்லாத நேரத்துக்கென்று கூகுள் தரும் பத்து பேக்கப் எண்களையும் அதே நோட்டில் எழுதச் சொல்கிறேன். பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், பாஸ்வேர்டு மாற்றுவது அதற்கு அடுத்து.

எனக்கு இன்னும் வழி பிடிபடாதது ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் மெயிலில் கொடுத்த பழைய சிம் ரீசார்ஜ் இல்லாமல் போய், அந்த நம்பர் வேறொருவருக்குப் போய்விடுகிறது. இப்போது மெயில் அவர்கள் கையில் இருந்தால் உடனே நம்பரை மாற்றிக்கொடுத்துவிடுகிறேன். பாஸ்வேர்டும் மறந்து, நம்பரும் போனவர்களுக்கு யாராவது மீட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், இங்கே ஒரு பாட்டி காத்திருக்கிறார்.