மறு: மாதிரி விமானத்தின் எரிபொருள் தொட்டி – ‘க்ளங்க்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். மாதிரி விமானத்தின் எரிபொருள் தொட்டிக்குள் குழாயின் நுனியில் எடையாக இருக்கும் ‘க்ளங்க்’ என்ற உறுப்புக்கு நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்கள் இவை.

> ‘உறிஞ்சுகுண்டு’ போதும். வினைத்தொகை, சுருக்கமானது, பார்த்ததும் விளங்குகிறது.

இலக்கணத்தில் நான் குறை சொல்லவில்லை ஐயா. ஆனால் நான் இருப்பது தண்டையார்பேட்டையில். விமானப் பெட்டியோடு மின்சார ரயிலில் ஏறி, பையனிடம் “விமானத்துக்குள் குண்டைச் சரியாக வைத்தாயா?” என்று கேட்டுப் பாருங்கள், கொருக்குப்பேட்டையிலேயே எங்களை இறக்கிவிடுவார்கள். குண்டு வேண்டாம்.

> அப்படியானால் வெறும் ‘உறிஞ்சி’?

அது எதையும் உறிஞ்சுவதில்லையே! இழுப்பது கார்புரேட்டர், தள்ளுவது மப்ளரிலிருந்து (எஞ்சின் புகை வெளியேறும் ஒலியடக்கி) வரும் அழுத்தம். இந்தச் சிறு பித்தளை உறுப்பின் வேலை வேறு. தொட்டிக்குள் வளையும் குழாயின் நுனியில் எடையாக இருந்து, எரிபொருள் சாயும் பக்கமெல்லாம் தானும் சாய்கிறது. விமானம் மூக்கை உயர்த்தினால் பின்சுவருக்குப் போகும். தலைகீழாகப் பறந்தால் தொட்டியின் கூரைக்குப் போகும். குழாயின் வாய் திரவத்துக்குள்ளேயே இருக்கிறது, எஞ்சினும் நிற்காமல் ஓடுகிறது.

குழாயை வெட்டும்போது இதனால்தான் அத்தனை கவனம். நீளம் கூடினால் பின்சுவரில் முட்டி நின்றுவிடும். குறைந்தால் கடைசி எரிபொருள் எட்டாது. பின்சுவரைத் தொடாமல், தொட்டியைக் குலுக்கினால் தடையின்றி ஆடும்படி இருக்க வேண்டும். மூக்குக் குத்தி இறங்கிய விமானத்தில் இது முன்பக்கமாக மடிந்து சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது தரையில் எஞ்சின் ஒழுங்காக ஓடும். மேலே ஏறத் தொடங்கியதும் அணைந்துவிடும். எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வைத் திருகித் திருகி அலுத்துப்போவார்களே தவிர, தொட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

குடத்துக்குள் கையை விட்டுத் துழாவுவது போன்ற வேலை இது. ஆகவே என் பரிந்துரை ‘துழாவி’.

> ‘துழாவி’ வினையெச்சமாகவும் படிக்கப்படுமே அண்ணா?

‘வடிகட்டி’யும் அப்படித்தான் தம்பி. காப்பி போடுகிற எவரும் அதில் குழம்பியதாகத் தெரியவில்லை.

> தொட்டியின் ரப்பர் மூடிக்குத் ‘தக்கை’ என்று போடலாமா?

காசிமேட்டில் போய்க் கேளுங்கள்: தக்கை என்றால் வலையை மிதக்க வைப்பது. இங்கே இரண்டு தகடுகளுக்கு நடுவே ரப்பர் இருக்கிறது. நடுத் திருகாணியை முடுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்கித் தொட்டியின் கழுத்தை இறுக அடைக்கிறது. ‘அடைப்பான்’ என்பதே பொருத்தம். தொட்டியின் உச்சியை நோக்கி வளைத்துவிடும் பித்தளைக் குழாயைச் சிலர் ‘அழுத்தக்குழாய்’ என்கிறார்கள். பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலும் அதை மப்ளரோடு இணைப்பதில்லை; வெறுமனே வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் பொருந்த ‘காற்றுக்குழாய்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

விளக்கக் குறிப்பில் ‘சிலிக்கான் குழாய்’ என்று எழுதியிருப்பதையும் நீக்க வேண்டும். மெத்தனால் கலந்த எரிபொருளுக்குத்தான் அது சரி. பெட்ரோலில் உப்பிப் பிய்ந்துவிடும். நம் பட்டியலை நம்பி யாராவது வாங்கிப் பொருத்திவிடப் போகிறார்கள்.

திருத்திய பதிவு:

துழாவி – மாதிரி விமான எரிபொருள் தொட்டிக்குள், வளையும் குழாயின் நுனியில் பொருத்தப்படும், எடையுள்ள உள்வாய்.

‘உள்வாய்’ எனக்கே முழுத் திருப்தியில்லை. வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இப்படியே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.