ஒரே நாள்ல பினாங்கு, நடுவுல ஈப்போல விருந்து, ஆகுமா?

உட்லண்ட்ஸ்வாசி: ஜூன் லீவுல மாமியார், ரெண்டு பிள்ளைங்களோட சிங்கப்பூர்லேருந்து கார்ல மலேசியா பினாங்குக்குக் கெளம்புறோம், கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், வழியில ஈப்போல பழைய ஃப்ரெண்ட்ஸ் வீட்ல மத்தியானம் சாப்பிட்டுத்தான் போகணும்னு இவரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. முடியுமா?

கோப்பி_ஓ: காலைல 4 மணிக்கே துவாஸ் செக்பாயிண்ட்ல எல்லை தாண்டிருங்க, இல்லன்னா மத்தியான சாப்பாடு சாயங்கால டீ ஆயிடும். விஇபி (மலேசியாவுக்குள்ள நம்ம காருக்கு வேண்டிய பெர்மிட்), டோல் கட்டுற டச் அண்ட் கோ கார்டுல காசு, சிங்கப்பூர் காரு எல்லை தாண்ட இருக்க வேண்டிய முக்கால் டேங்க் பெட்ரோல், எல்லாம் பாத்துக்குங்க. நான் ஒரு தடவ செக்பாயிண்ட் கிட்ட வந்தப்புறம்தான் கவனிச்சேன், பெட்ரோல் முள்ளு முக்கால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ, திரும்பிப் போய் ஊத்திட்டு வந்தா அதுக்குள்ள நீளமா க்யூ, பின்சீட்ல பெரியம்மா முறுக்கு டின்ன தொறந்துட்டாங்க 😅 மலேசியால ரான் 95 பெட்ரோல் நம்ம சிங்கப்பூர் காருக்குக் கெடையாது, 97தான்.

தெம்பனிஸ்காரி: சாப்பிட்டதும் கெளம்புறோம்னா நம்ம ஆளுங்க விட்ருவாங்களா சிஸ்? பழம், காப்பி, போட்டோன்னு மூணு மணி நேரம் போயிரும். மாமியாருக்கு முட்டி வலின்னா வழியில பாகோ ரெஸ்ட் ஏரியால ஒரு தடவ எறங்கி நடக்க விடுங்க.

உட்லண்ட்ஸ்வாசி: இவருகிட்ட காட்டிட்டேன், ராத்திரி ஈப்போலயே தங்கிடுறோம். முறுக்கு மாமியார் பொறுப்பு.