பாம்பன் கால்வாய் மிதவைகள்: இப்போதைய நிலை யாருக்காவது தெரியுமா?

வாடைக்காற்றுக்குப் பிறகு பாம்பன் கால்வாயைக் கடந்தவர்கள் உதவுங்கள். மணல் திட்டு நகர்ந்திருக்கலாம், நங்கூரம் இழுபட்டு, படகு போகும் வழியைக் காட்டும் மிதவையும் இடம் மாறியிருக்கலாம். வரைபடத்தை மட்டும் நம்பிப் படகை விட முடியாது.

ஒவ்வொரு மிதவைக்கும் ஜிபிஎஸ் நிலை, நிறம், வடிவம் வேண்டும். விளக்கு இருந்தால் எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்பதும் வேண்டும். ஆழம் எழுதும்போது தேதியும் நேரமும் கட்டாயம். எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) காட்டியது நீர்மட்டத்திலிருந்தா, படகின் அடியிலிருந்தா என்றும் சொல்லுங்கள். இல்லையென்றால் ஓதத்தை (கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை) கழித்துப் பார்க்க வழியில்லை.

இன்னொன்று: கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். இங்கே இருபுறமும் கடல் என்பதால் இது குழப்பும். மன்னார் வளைகுடாவிலிருந்து போனீர்களா, பாக் விரிகுடாவிலிருந்து வந்தீர்களா, சிவப்பை எந்தப் பக்கம் விட்டீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். அணைந்த விளக்கு கண்டிருந்தால் அதை முதலில் போடுங்கள்.