தரம் 8: சமன்பாடும் சுட்டியும், எதை முதலில்?

கேள்வி: கொழும்பில் தமிழ்மூல வகுப்பு, 40 நிமிடப் பாடவேளை. பிள்ளைகள் 3x = 12 என்றால் x = 12 − 3 என்று எழுதுகிறார்கள். சுட்டியில் 2³ = 6 என்பதும் அடிக்கடி வருகிறது. இரண்டையும் எப்படி ஒழுங்குபடுத்தலாம்?

பதில் 1: சுட்டி முதலில், சேர். x + x + x ஐயும் x × x × x ஐயும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து எழுத வையுங்கள். x = 2 பிரதியிட்டால் 6, 8. வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் x² உக்கு 2 பிரதியிட வேண்டாம். 2 + 2, 2 × 2 இரண்டும் 4, பிழை ஒளிந்துவிடும். 2⁰ = 1 ஐ விதியாகச் சொல்லாமல் 2⁴ இலிருந்து 16, 8, 4, 2 என்று ஒவ்வொரு படியும் 2ஆல் வகுத்து இறங்குங்கள், அடுத்தது 1.

பதில் 2: 12 − 3 வருவது “பக்கம் மாற்றினால் குறி மாறும்” என்ற குறுக்குவழியால்தான். அதை ஒரு மாதம் பூட்டிவையுங்கள். இரு பக்கமும் ÷3 என்று முழுதாக எழுதட்டும். விடையைப் பிரதியிட்டுப் பார்க்காவிட்டால் புள்ளி இல்லை.

வசனக்கணக்குக்கு ஓட்டோ மீற்றர் நல்லது: முதல் கிலோமீற்றர் 100 ரூபாய், பிறகு ஒவ்வொன்றுக்கும் 90 என்று வைத்து, மொத்தம் 460, ஓடிய தூரம் x கிலோமீற்றர். பாதிப்பேர் 100 + 90x = 460 என்று போட்டு 4 என்பார்கள். சரியானது 100 + 90(x − 1) = 460, x = 5. அடைப்பை விரிக்கும்போது −90 ஐ விடுவார்கள், கவனம்.

பதில் 3: −3² உம் (−3)² உம் தனிப் பாடவேளை கேட்கும். −9, 9.