77 ஆண்டே மீதமுள்ள லீஸ்: வாங்கும் முன் நீட்டிப்பதா, பின்னரா?

அனைவருக்கும் வணக்கம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் வாங்கவிருக்கும் ஃபிளாட்டின் லீஸ் (நில உரிமையாளரிடமிருந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பெறும் உரிமை) பத்திரத்தில் ‘2004 முதல் 99 ஆண்டுகள்’ என்றிருப்பதை நேற்றிரவுதான் கவனித்தோம். மீதம் 77 ஆண்டுகளே.

80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பால் உயரும் மதிப்பில் பாதியை நில உரிமையாளருக்குத் தர வேண்டியிருப்பதால், செலவு கணிசமாகக் கூடுகிறது. லீஸை நீட்டிக்கும் உரிமை தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும், நிலவாடகையும் நீங்கும் என்பது பெரிய ஆறுதல். வாங்கி இரண்டாண்டு கழித்தே நீட்டிப்பு கோரலாம் என்ற காத்திருப்பு விதியும் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது.

எனவே, விற்பவரே இப்போது நில உரிமையாளரிடம் நீட்டிப்பு கோரி நோட்டீஸ் கொடுத்து அந்த உரிமையை எங்கள் பெயருக்கு மாற்றித் தருவது நல்லதா, விலையைக் குறைத்து வாங்கியபின் நாங்களே கொடுப்பது நல்லதா? வீட்டுக்கடன் பெற்று இவ்வழியில் வாங்கியவர்கள், மதிப்பீட்டாளருக்கும் சொலிசிட்டருக்கும் ஆன செலவையும் சேர்த்துத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.