விடியற்காலை வயிற்றுவலி, தொங்கும் இமை, பல் தடம் இல்லை: ஏஎஸ்வி (பாம்பு விஷமுறிவு மருந்து) போடலாமா?

இரவுப்பணி:
தாலுகா மருத்துவமனை அளவில் வைத்துக் கேட்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி, வாந்தி என்று ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்தவர். காய்ச்சல் இல்லை, வயிறும் மெத்தென்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இமை தொங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு மூக்கால் வருகிறது. பாம்பை யாரும் பார்க்கவில்லை. தடமோ வீக்கமோ இல்லை. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையும் நார்மல். இதை வைத்து ஏஎஸ்வி தொடங்கலாமா? பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் எதை முடித்துவிட்டு அனுப்புவது?

விஷமுறிவு:
தொடங்குங்கள். நீங்கள் எழுதியிருப்பது கட்டுவிரியன் கடிதான். அதன் பல் மிகச் சின்னது, எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது, வீங்காது. தூக்கத்தில் இருப்பவர் புரண்டு படுத்துவிடுவார். நரம்பு விஷக் குறி தெரிந்துவிட்டது, தடம் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

உறைவுச் சோதனை நார்மலாக வந்ததால் ஏமாறக் கூடாது. இங்கே பெயரே ஆளைக் குழப்புகிறது. கட்டுவிரியன், எண்ணெய்விரியன், எட்டடிவிரியன் என்று ஊருக்கு ஒரு விரியன் பெயர் சொன்னாலும் இது ரத்தத்தை உறையவிடாத கண்ணாடிவிரியனுக்கு உறவே இல்லை, நல்லபாம்பின் பங்காளி. ‘விரியன்’ என்று உறவினர் சொன்னதும் ரத்தம் உறைகிறதா என்று மட்டும் பார்த்து, உறைந்ததும் ‘விஷம் ஏறவில்லை’ என்று வார்டில் படுக்கவைப்பதுதான் வழக்கமான தவறு. கட்டுவிரியனில் ரத்தம் ஒழுங்காக உறையும்.

அளவு: 10 வையல் (மருந்துக் குப்பி). ஒவ்வொரு வையலின் உலர்தூளையும் 10 மில்லி நீரில் கரைக்கும்போது குலுக்காதீர்கள், நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். எல்லாவற்றையும் சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றுங்கள். ஒவ்வாமை வருமா என்று பார்க்கும் டெஸ்ட் டோஸ் வேண்டாம், அதை வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்குப் பதில் 0.5 மி.கி. அட்ரினலினைச் சிரிஞ்சில் இழுத்துப் பக்கத்தில் வைத்திருங்கள். தடிப்பு, இருமல், பிரஷர் இறக்கம் எது வந்தாலும் ட்ரிப்பை நிறுத்தி, தொடைத் தசையில் போடுங்கள். அடங்கியதும் ட்ரிப்பை மெதுவாகத் திரும்பத் தொடங்கலாம்.

மயக்கவியல்:
மேலே சொன்னது எல்லாம் சரி, வரிசைதான் இடிக்கிறது. இந்த நோயாளி மூச்சு நின்றுதான் சாவார். ட்ரிப் ஓடுகிறதே என்று ஆளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆக்சிஜன் அளவு 98 என்று மானிட்டர் காட்டுவதை நம்ப வேண்டாம், அது விழும்போது காலம் கடந்திருக்கும். ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். 30 வரை எண்ணியவர் 15க்கு இறங்கினால், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாவிட்டால், எச்சில் தொண்டையில் தேங்கினால் அங்கேயே மூச்சுக்குழாயில் ட்யூப் போடுங்கள். 108 வண்டிக்குள் வளைவில் போட நினைத்தால் நடக்காது. கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தத் தெரிந்த ஒருவர் கூடவே போகட்டும்.

இரவுப்பணி:
நன்றி டாக்டர். தசைக்குப் போகும் நரம்புச் செய்தியை வலுவாக்கும் நியோஸ்டிக்மின் பற்றி யாரும் சொல்லவில்லையே? குழந்தைக்கு ஏஎஸ்வி அளவு குறையுமா?

விஷமுறிவு:
குறையாது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சலைன் அளவை மட்டும் எடைக்குத் தக்கபடி குறையுங்கள்.

நியோஸ்டிக்மின் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்: பெரியவருக்கு அட்ரோபின் 0.6 மி.கி. ரத்தக்குழாயில், பிறகு நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. தசையில். போடுவதற்கு முன் இமை இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள், அரை மணி கழித்து மறுபடி அளங்கள். நல்லபாம்பு என்றால் பெரும்பாலும் கண் திறக்கும், ஏனென்றால் அதன் விஷம் நரம்புச் செய்தியைப் பெறும் தசைப்பக்கத்து வாங்கியைத்தான் அடைக்கிறது. கட்டுவிரியன் விஷமோ நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. அந்த நுனியிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் சுரக்கவே வழியில்லாதபோது, அதைச் சிதையாமல் நியோஸ்டிக்மின் எப்படிக் காப்பாற்றும்? முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், எச்சில்தான் கூடும்.

அதே காரணத்தால்தான் 20 வையலுக்கு மேல் ஏஎஸ்வி ஏற்றியும் பலனில்லை. அது சுற்றித் திரியும் விஷத்தைப் பிடிக்கும், சிதைந்த நுனியைச் சீராக்காது. நுனி மறுபடி முளைக்கும்வரை, சில நாளோ சில வாரமோ, வெண்டிலேட்டர்தான்.

மயக்கவியல்:
வெண்டிலேட்டரில் போட்டபின் ஒரு எச்சரிக்கை. கண்பாவை விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காது, இருமல் வராது, கிள்ளினாலும் அசைவு இருக்காது. பார்ப்பதற்கு மூளைச்சாவு மாதிரியே இருக்கும், ஆனால் அது தசை வாதம். விஷமோ தசை வாதமோ இருக்கும்போது மூளைச்சாவுப் பரிசோதனையே செல்லாது.

அவருக்குக் காது கேட்கிறது. படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ‘இனி தேறாது’ என்று பேசாதீர்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து ஓடட்டும். மூடாத கண்ணுக்கு ஆயின்ட்மென்ட் போட்டு டேப் ஒட்டுங்கள். தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘கால் விரலை ஆட்டுங்க’ என்று கேளுங்கள்.