அப்டேட்: 1996 டாட்ஜ் ராம் பிக்கப் டிரக், டவல் பின் வேலை முடிஞ்சது

போன மாசம் கேட்டிருந்தேன்ல, அதோட 5.9 லிட்டர் 12 வால்வ் கம்மின்ஸ் டீசல் இன்ஜின்ல டைமிங் கியர் கேஸை (முன்னாடி இருக்கிற கியர்களோட கூடு) இன்ஜின் பிளாக்கோட நேரா உக்கார வைக்கிற அந்த சின்ன ஸ்டீல் டவல் பின்னை இப்பவே பாக்கணுமான்னு, நேத்து ஃபேன், பெல்ட், டேம்ப்பர் (கிராங்க் முனையில அதிர்வைக் குறைக்கிற சக்கரம்) எல்லாம் கழட்டி முன் கவரைத் திறந்து பாத்தாச்சு. பின் நகரவே இல்ல, ரொம்ப நிம்மதி! ஆனாலும் பக்கத்து போல்ட்டுக்கு அடியில தகடு வச்சு லாக்டைட் (போல்ட் தளராம பிடிக்கிற பசை) போட்டு இறுக்கிட்டேன், ஏன்னா அதிர்வுல அந்த பின் மெல்ல மெல்ல வெளிய வந்து கியருக்குள்ள விழுந்தா கேஸே உடையும், நம்ம நேரம் கெட்டா வால்வும் பிஸ்டனும் சேர்ந்து போகும். திறந்த கையோட கிராங்க் ஆயில் சீலும் புதுசு போட்டாச்சு.

1998 நடுவுல வந்த 24 வால்வ் கம்மின்ஸ் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு லிஃப்ட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை இன்ஜெக்‌ஷன் பம்புக்கு அனுப்புறது) பிரஷருக்கு ஒரு கேஜ் மாட்டுங்க, டீசல் சரியா வரலைன்னா விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப் சூடாகிப் போயிடும்.